அக்காவுக்கு ரத்தம் ஊற வேண்டியிருந்தது

என் மாமியார் தன் மூத்த மருமகளைப் பற்றித் தெருவெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. "காலையில எழுந்தா கோயிலு, சாயந்தரம் ஆனா கோயிலு. அவ மடியில எப்பப் பாரு துன்னூறு" என்பார். நான் அந்த வீட்டுக்கு இரண்டாவது மருமகளாகப் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மூத்தவளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவள் அப்போது இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். மூத்த பெண் குழந்தைக்குப் பேச்சு வரத் தொடங்கியிருந்தது.

அக்கா மடியில் முடிந்துகொண்டு வந்த திருநீறு நெற்றிக்குப் போகவில்லை, வாய்க்குப் போயிற்று. ஒருநாள் சாணி அள்ள மாட்டுக் கொட்டகைக்குப் போன நான் பார்த்துவிட்டேன். பொட்டுக்கடலை மாவைத் தின்கிற பிள்ளையைப் போல அவள் அதை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். உதடெல்லாம் வெள்ளை.

"இன்னாக்கா இது?"

"வாய் கேக்குதுடி. நான் இன்னா பண்றது? நீ பாத்ததா காட்டிக்காத."

அதோடு நின்றிருந்தால் பக்தி என்ற பேராவது நிலைத்திருக்கும். வைக்கோல் அடுக்கியிருந்த மூலையில், மண் சுவரில், ஒரு குடம் நுழைகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. வைக்கோல் குறையக் குறைய அது வெளியே தெரிந்தது. மாமியார் எலி என்று நினைத்தார். கடையில் பாஷாணம் வாங்கி வரச் சொல்லி, அதை மாவில் பிசைந்து எடுத்துக்கொண்டு போனவர், அங்கே அக்கா சுவரைச் சுரண்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்.

"அடிப் பாவி! பாஷாணம் வெக்க வந்தேனேடி! இந்த வூட்ல சோத்துக்கு இன்னாடி கொற? ரெண்டு போகம் நெல்லு வெளையுது, கரும்பு வெளையுது. செவுத்தத் தின்றியே, பாக்கறவ இன்னா சொல்லுவா? மாமியாக்காரி சோறு போடலம்பா!"

சத்தம் கேட்டு மாமனார் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "தின்னட்டும் வுடு. கொட்டா இடிஞ்சா புதுசா கட்டிக்கலாம்" என்றார். வேலையாட்களும் சிரித்தார்கள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஊர் மருத்துவச்சியைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவள் அக்காவின் கீழ்க்கண்ணை விரலால் இழுத்துப் பார்த்தாள். நகத்தை அமுக்கிப் பார்த்தாள். "கண்ணுல செவப்பே இல்லியேம்மா. இப்பிடியே போனா நான் கைய வெக்க மாட்டேன். பாகூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க" என்று சொல்லிவிட்டு, வெற்றிலைகூட வாங்காமல் போய்விட்டாள்.

மறுநாள் வண்டி கட்டினார்கள். துணைக்கு என்னையும் ஏற்றினார்கள். அப்போது எங்கள் பக்கம் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் தமிழர்தான், ஆனால் கால்சட்டை போட்டிருந்தார். பக்கத்தில் நின்ற கன்னிகாஸ்திரீயிடம் பிரெஞ்சில் பேசினார். எங்களிடம் நல்ல தமிழில், ஒளிக்காமல் சொன்னார். "இந்த உடம்பில ரத்தம் ரொம்பக் கம்மி. இதோட பிரசவத்துக்குப் போனா பிழைக்க மாட்டா. ரத்தம் ஊற இரும்புச் சத்து வேணும். அது மருந்துல கொஞ்சம்தான் வரும், சாப்பாட்டுலதான் வரணும்." கம்பு, கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள்ளு, வெல்லம், ஈரல் என்று சொல்லிக்கொண்டே போனார். "சுவரொட்டி கிடைக்குமா? அதைக் குடுங்க." சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான், உள்ளங்கை அகலம்.

கூட வந்திருந்த மாமியார் சொன்னார்: "நாங்க நெல்லுச் சோறுதான் சாமி மூணு வேளையும் போடறோம்."

"மிஷினில தீட்டின அரிசிதானே? அதுல ஒண்ணும் இல்லை" என்றார் டாக்டர்.

மாமியாருக்கு முகம் சிறுத்துவிட்டது. எங்கள் ஊரில் கூழ் குடிப்பதை விட்டு மூன்று வேளையும் வெள்ளைச் சோறு தின்னத் தொடங்கிய வீடு எங்களுடையதுதான். அதற்காகவே அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்கப் பலர் முன்வந்தார்கள். என் அப்பாவும் அதைச் சொல்லித்தான் என்னைச் சம்மதிக்க வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார், "இன்னாவாம்?" என்றார். மாமியார் சொன்னார். "இரும்பு வேணுமாமா? கலப்பையில கொழு ஒண்ணு தேஞ்சு கெடக்குது, எடுத்துக் குடு, சப்பட்டும்" என்றார் மாமனார்.

மருந்து கறுப்பாக, துருப்பிடித்த வாசனையோடு இருந்தது. அக்கா அதைக் குடித்துக் குடித்து வாந்தி எடுத்தாள். இருந்தாலும் சீசாவைக் கழுவியும் குடித்தாள். அவளுக்குப் பயம் வந்துவிட்டிருந்தது. மறுபடி வாங்கி வர வண்டி கிடைக்கவில்லை. கரும்பு வெட்டு ஆரம்பமாகிவிட்டது.

சாப்பாட்டு விஷயத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. டாக்டர் சொன்னதில் எங்கள் வீட்டில் இல்லாத பொருள் ஒன்றுகூட இல்லை. கம்பு குதிரில் இருந்தது. அது பண்ணையாட்களுக்குக் கூழ் காய்ச்ச. பின்கட்டில் தனி அடுப்பில், தனிப் பானையில் கொதித்தது. "ஆளுங்களுக்கு ஊத்தற கூழ மருமவளுக்கு ஊத்தினா நாளைக்கி அவுங்க நம்ம முன்னால துண்ட இடுப்புல கட்டுவாங்களா?" என்று மாமனார் கேட்டார். அதற்குப் பிறகு யாரும் கம்பைப் பற்றிப் பேசவில்லை. வெல்லம் எங்கள் கரும்பில், எங்கள் ஆலைக் கொட்டாயில் காய்ச்சியது. அச்சு அச்சாக அடுக்கி வைத்திருப்போம். ஆனால் வெல்லமும் எள்ளும் சூடு, வயிற்றுப் பிள்ளை நிற்காது என்று மாமியார் இரண்டையும் பூட்டிவிட்டார். இதை அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவர் வயிற்றில் இரண்டு தங்காமல் போயிருந்தன. எள்ளுருண்டை தின்றதால்தான் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

கீரை மட்டும் தடையில்லை. வாய்க்கால் ஓரத்தில் நானே பறித்து வந்து கடைவேன். மாமனார், மூத்தாராகிய அக்கா வீட்டுக்காரர், என் வீட்டுக்காரர், வீட்டில் தங்கியிருந்த கணக்குப்பிள்ளை என்று ஆண்கள் உட்கார்ந்து எழுவார்கள். பிறகு மாமியாரும் குழந்தையும். கடைசியில் நாங்கள் இருவரும் உட்காரும்போது சட்டியின் அடியில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். நான் இன்னும் அதிகமாகப் பறித்து வந்து பார்த்தேன். அதிகம் இருந்தால் அவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள். "சின்னவ கீரை நல்லா கடையறா" என்ற பேர்தான் எனக்கு மிஞ்சியது.

அப்புறம் சுவரொட்டி. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆடு அடிப்பார்கள். கறியைக் கூறு போட்டு, கூறு எடுத்தவர்கள் வாங்கிப் போவார்கள். சுவரொட்டி மட்டும் கூறில் சேராது. அது எங்கள் மாமனாருக்கு ஊர் செய்கிற மரியாதை. பூவரச இலையில் வைத்து ஒருவன் நடுத்தெருவில் எல்லாரும் பார்க்கக் கொண்டுவந்து கொடுப்பான். மாமியார் அதைத் தணலில் சுட்டு, உப்பும் மிளகும் தடவி வைப்பார். மாமனார் கள்ளுக்கோ சாராயத்துக்கோ தொட்டுக்கொள்வார். மகன்களுக்குக்கூட விள்ளல்தான்.

மூத்தார் அதிகம் பேசாத மனிதர். நான் அவர் எதிரில் நின்று பேசியதே கிடையாது. அந்த வழக்கம் அப்போது இல்லை. ஆனால் அவருக்கு அக்காவின் மேல் பிரியம் இருந்தது. டாக்டர் சொன்னதை அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூறு போடுகிற இடத்துக்கு அவரே போனார். அங்கே, அத்தனை பேர் நடுவில், "இந்த வாரம் சுவரொட்டிய என் கையில குடுங்க, வூட்ல அதுக்கு ஒடம்பு சரியில்ல" என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்று நினைத்தாராம். ஊரே கூடியிருக்கிற இடத்தில் அப்பாவுக்குத் தெரியாமல்!

"பொண்டாட்டிக்கா? சுவரொட்டியா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

"அப்ப அடுத்த பஞ்சாயத்துக்கும் அந்தம்மாவையே அனுப்பு, நாங்க கும்புட்டுக்கறோம்" என்று இன்னொருவர்.

"வூட்ல தலையில துண்ட யாரு கட்டறது, அதச் சொல்லு மொதல்ல!"

இந்தச் சிரிப்பு எங்கள் வாசலுக்கு மூத்தாருக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. அவர் இலையோடு உள்ளே வந்தபோது மாமனார் எழுந்து நின்றார். கையை நீட்டி இலையை வாங்கினார். வாங்கியவர் அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. வாசலுக்குப் போய், நாயைச் சீட்டி அடித்துக் கூப்பிட்டு, அதன் முன் போட்டார். நாய் முகர்ந்து பார்த்துவிட்டு ஒரே வாயில் விழுங்கியது. இலையையும் நக்கியது.

"பொம்பள துன்ன வேண்டியத நான் இத்தினி நாளா தின்னேன்னு ஊரு பேசிப்புடுச்சி. இனிமே இந்த வூட்டுக்கு அது வராது" என்றார்.

அப்படியே ஆயிற்று. அடுத்த வாரத்திலிருந்து இலை மேலத்தெருப் பெரியவர் வீட்டுக்குப் போனது. அதற்குக் காரணம் அக்காதான் என்று மாமனார் அவள் கையால் தண்ணீர்கூட வாங்குவதை நிறுத்தினார்.

அக்கா அன்று அடுப்படியில் என்னிடம் கேட்டாள்: "நாய் தின்னுச்சே, பாத்தியா?"

"பாத்தேங்கா."

"எனக்கு எச்சி ஊறுச்சிடி. கோவம் வரல, அழுக வரல. எச்சிதான் ஊறுச்சி." அடுப்பை ஊதிவிட்டுச் சொன்னாள்: "நான் இங்க இருந்தா செத்துப்போவேன்."

இரண்டாவது பிள்ளைக்கு அம்மா வீட்டுக்கு அனுப்புவது வழக்கமில்லை. கேட்டாலும் விடமாட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, "கோயிலுக்குப் போயிட்டு வரேன் அத்தே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். குழந்தை மாமியாரின் இடுப்பில் இருந்தது. அதைக் கேட்டால் சந்தேகம் வரும் என்று கேட்கவில்லை. அதன் காலைத் தொட்டுவிட்டுப் போனாள். ஏரிக்கரை வழியாக, அந்த வெளுத்த உடம்போடு, மூச்சு வாங்க வாங்க உட்கார்ந்து உட்கார்ந்து, ஏரிக்கு அந்தப் பக்கத்தில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

எங்கள் வீட்டிலிருந்து யாரும் போய்க் கூப்பிடக் கூடாது என்று மாமனார் உத்தரவு போட்டார். மூத்தார் வயலிலேயே கிடந்தார். குழந்தை தெருவில் போகிற வருகிறவர்களிடம், "அம்மா கோயிலுக்குப் போயிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பையன் பிறந்தான் என்ற சேதி வந்ததும் வீடு கொஞ்சம் அசைந்தது. மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க மாமனுக்குத் தெரிய வாணாம். நீ போயி பாத்துனு வா. மூக்கு யாரு மாதிரி கீதுன்னு பாரு" என்று ஒரு பையில் அரிசி கட்டிக் கொடுத்தார்.

அக்காவின் அம்மா வீடு சின்னது. கூரை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அக்கா கால் நீட்டி உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு முதலில் அவளை அடையாளம் தெரியவில்லை என்றால் மிகையில்லை. உதட்டில் நிறம் வந்திருந்தது. நகம் சிவந்திருந்தது. சிரித்தாள்.

"இன்னாக்கா சாப்புட்ட?"

அவள் அம்மா முந்திக்கொண்டார். "எங்ககிட்ட இன்னா கீது? கம்பங்கூழு, முருங்கக்கீர. வயல்ல பொறுக்கற நத்த, நண்டு. உங்க வூட்ல பணக்காரங்க, செவுரு ஊட்டினாங்க. நாங்க ஏழைங்க, எங்களால நத்ததான் ஊட்ட முடிஞ்சிது."

"சும்மா கெடம்மா. அது சின்னப் பொண்ணு, அது இன்னா பண்ணும்?" என்று அக்கா அடக்கினாள். முருங்கைக்கீரையைத் தண்ணீர் வடிக்காமல், கையளவு அவள் தட்டில் முதலில் வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் எடுத்தார்களாம். நத்தையைச் சுத்தம் பண்ணி மிளகு போட்டு வதக்கி, தினம் இல்லாவிட்டாலும் ஒருநாள் விட்டு ஒருநாள். அந்த ஊர் மருத்துவச்சி வந்து கண்ணை இழுத்துப் பார்த்து, "ம், செவக்குது" என்று சொன்ன அன்று அவள் அம்மா அழுதுவிட்டாராம்.

பிறகு அக்கா மெதுவாகக் கேட்டாள். "பாப்பா சாப்புடுதா?"

"சாப்புடுது."

"என்னக் கேக்குதா?"

அது தெருவில் சொல்வதை நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மூக்கு மாமனாரைப் போலத்தான் இருந்தது. நான் அதைச் சொன்னதும் மாமியார் மாமனாரிடம் சொல்லிவிட்டார். பேரன் வேண்டும் என்ற ஆசை மாமனாருக்கு வந்துவிட்டது. ஆனால் மருமகள் வீட்டை விட்டுப் போனதால் ஊரில் பட்ட அவமானம் அப்படியே இருந்தது. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அக்கா வரலாம். மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியிருக்கும்போது, மாமியார் வீட்டில் தனக்குச் சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை என்று அவளே வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மூத்தாருக்கு வேறு பெண் பார்க்கப்படும். பெண் குழந்தையை இனி அவள் பார்க்க முடியாது.

அவள் அம்மா, "போவாதடி, நத்த தின்னாவது பொழைப்போம்" என்று அழுதிருக்கிறார். அக்கா வந்தாள்.

ஆடி மாதக் கூழ் ஊற்றுகிற நாள் அது. ஊரே கோயில் வாசலில் இருந்தது. அக்கா பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு நன்றாக அவளை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. மாமனார் பெரிய மனிதர்களோடு உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு பாப்பா நின்றது. அம்மாவைப் பார்த்து ஓடப் பார்த்தது, மாமியார் விடவில்லை. அக்கா அந்தப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு அந்த வூட்ல ஒரு கொறையும் இல்ல. வேளைக்குச் சோறு போட்டாங்க. எனக்குத்தான் வாய்க்கொழுப்பு. மண்ணு தின்னேன்."

ஒருத்தி சிரித்தாள். மாமனார் தலையாட்டினார். மாமியார் கையை விட்டார். பாப்பா ஓடிப்போய் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது. அன்று எல்லாருக்கும் கூழ் ஊற்றினார்கள். எங்கள் வீட்டார் கோயில் கூழை மட்டும் பிரசாதம் என்று குடிப்பார்கள். அக்கா இரண்டு சொம்பு வாங்கிக் குடித்தாள். "நல்லாக் கீதுடி" என்றாள் என்னிடம். திரும்பி வந்த பிறகு அந்த வருஷம் அவள் குடித்த கூழ் அவ்வளவுதான்.

மறுபடி கீரைச் சட்டியின் அடியில் நின்ற தண்ணீர். மறுபடி வெள்ளைச் சோறு. பையன் பால் மறக்கும் முன்பே அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். அதே நேரத்தில் நானும். என் பங்குக் கீரையை அவள் தட்டில் தள்ளினால் அவள் திருப்பித் தள்ளுவாள். "உன் வயித்துலயும் ஒண்ணு கீதே, நீ தின்னு" என்பாள். எங்கள் இரண்டு தட்டுக்கும் நடுவில் அந்தக் கொஞ்சம் கீரை அப்படி இப்படிப் போய்க்கொண்டிருக்கும். நான் நல்ல உடம்புக்காரி. கூழ் குடிக்கிற வீட்டில் வளர்ந்தவள். எனக்கு அது இல்லாமலும் தாங்கியது.

அவள் உதடு வெளுத்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. இந்தத் தடவை அவள் ஒளிக்கவில்லை, மாமியாரிடம் நேராகவே கேட்டாள். "அத்தே, பிரசவம் வரைக்கும் எங்கம்மா வூட்ல இருந்துட்டு வரேன். புள்ளைங்கள இங்கியே வுட்டுட்டுப் போறேன்."

"இன்னா கொறன்னு போற?" என்றார் மாமியார். "ஊர் நடுவுல நின்னு ஒரு கொறையும் இல்லன்னு சொன்னது நீதானே? இப்பப் போனா அன்னிக்கிச் சொன்னது பொய்யின்னு ஆவும். உங்க மாமன் தல நிமிந்து நடக்க வாணாமா?"

அக்கா மூத்தாரைப் பார்த்தாள். மூத்தார் பக்கத்தில்தான் இருந்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மறு வருஷம் ஐப்பசி மழையில் வலி கண்டது. வாய்க்கால் உடைந்து பாகூர் ரோட்டில் வண்டி போகவில்லை. முன்பு கைவைக்க மாட்டேன் என்ற அதே மருத்துவச்சி, வேறு யாரும் இல்லாததால் வந்தாள். பெண் குழந்தை பிறந்தது, பிழைத்தது. அக்கா உச்சிவேளைக்குள் போய்விட்டாள். மருத்துவச்சி கை கழுவும்போது நான்தான் தண்ணீர் ஊற்றினேன். "போன ரத்தம் ஒண்ணும் ஜாஸ்தி இல்லம்மா. மத்தப் பொம்பளைங்களுக்குப் போறதுல பாதிதான். அவகிட்ட இருந்ததே அவ்வளவுதான்" என்றாள்.

துக்கத்துக்கு ஊரே வந்தது. மாமனார் வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் கையை விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாங்க அவளுக்கு ஒரு கொறையும் வெக்கல." எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவர்கள் அதை அவள் வாயாலேயே கேட்டவர்கள்.